கரைப் பெண்களில் ஒருத்தி

பிப்ரவரி 9

மருமகளுக்கு,

நான் நலம். முழங்காலுக்கு மாடிப்படி பிடிக்கவில்லை. எனக்கும்தான் பிடிக்கவில்லை, ஆனாலும் ஏறுகிறேன். நீயும் என் மகனும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எழுது.

நீ அனுப்பிய சிடி வந்து சேர்ந்தது. போன மாதம் அவன் இங்கே வந்தபோது அதைக் கேட்க ஒரு கருவியையும் வைத்துவிட்டுப் போயிருந்தான். "உன் மருமக என்ன வேலை பாக்குறான்னு ஒரு தடவையாவது கேட்டுப் பாரும்மா" என்றான். ஒரு தடவை கேட்டுவிட்டேன். இனி அனுப்ப வேண்டாம்.

ஓபரா என்றால் பணக்காரர்கள் நல்ல உடை போட்டுக்கொண்டு தூங்குகிற இடம் என்று நினைத்திருந்தேன். கேட்ட பிறகு அவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. ஒரு பெண் ஏதோ கேட்கிறாள். ஆண் பதில் சொல்கிறான். அவள் அதையே இன்னும் உயரத்திலிருந்து கேட்கிறாள். அவனும் அதே பதிலை இன்னும் உரக்கச் சொல்கிறான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதே இல்லை. தொலைபேசி நிலையத்தில் என் கீழே வேலை பார்த்த பெண்கள் இப்படி இழுத்திருந்தால் ஒரு டிரங்க் கால் கூட ஊரைத் தாண்டியிருக்காது. கீழ்வீட்டுப் பல் டாக்டர், ஓய்வு பெற்றவர், படியேறி வந்து கதவைத் தட்டினார். "யாரோ விழுந்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். மேடையில் விழவேண்டியவர்கள் யாரும் விழாமல் நின்றுகொண்டே கத்துவதுதான் பிரச்சினை என்று சொல்லி அனுப்பினேன்.

இதில் நீ எங்கே இருக்கிறாய்? கும்பலாகப் பெண்கள் சத்தம் போடும் இடங்களில் உன்னைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் ஒரே இரைச்சல். கோரஸ் பற்றி அத்தைக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. கான்வென்ட்டில் படித்த காலமெல்லாம் பள்ளிக் கோரஸில் முதல் வரிசையில் நின்றவள் நான்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று அவன் கேட்பான். வேலை பார்த்த காலம் முழுக்க மற்றவர்கள் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபோனில் மனிதர்கள் யோசிக்காமல் பேசுகிறார்கள். எழுதும்போது அந்த அளவுக்கு முட்டாளாக இருப்பது கஷ்டம். எனவே நீயும் எழுது.

அவனைப் பனியன் போட்டுக்கொண்டு வெளியே போகச் சொல்.

அத்தை


பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். பனியன் விஷயத்தில் உங்கள் பெயரைச் சொன்னால்தான் அவர் கேட்கிறார், எனவே தினமும் சொல்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

நான் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாவது அங்கத்தில், ஆற்றங்கரையில் விளக்கோடு நிற்கும் பெண்களில் ஒருத்தி நான். இரண்டாவது வரிசை, இடது ஓரம். அந்தக் கூட்டத்தில் என்னைத் தனியாகக் கேட்க முடியவில்லை என்றால் நான் சந்தோஷப்பட வேண்டும், அத்தை. கேட்க முடிந்தால் எனக்கு வேலை போய்விடும். தனியாகத் தெரியாமல் பாடத்தான் எனக்குச் சம்பளம்.

அவர் ஒரு விஷயம் சொன்னார். நீங்கள் ரேடியோ கேட்கும்போது கூடவே அலமாரியைத் துடைப்பீர்களாம், இல்லாவிட்டால் பருப்பில் கல் பொறுக்குவீர்களாம். இந்த முறை கையில் ஒன்றும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். கதையையும் பாட்டின் அர்த்தத்தையும் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முதலில் படித்துவிடுங்கள். கேட்கும்போது காகிதத்தைப் பார்க்க வேண்டாம். மூன்றாவது அங்கம் மட்டும் போதும்.

அதன் பிறகும் பிடிக்காவிட்டால் நான் இதைப் பற்றிப் பேசவே மாட்டேன். ஆனால் துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது உங்களைப் போல ஒழுங்கு பார்ப்பவர்களுக்கு அழகில்லை என்று எனக்குப் படுகிறது.

வணக்கத்துடன்,
மருமகள்


மார்ச் 20

மருமகளுக்கு,

நான் நலம். ஒத்தடம் கொடுத்தேன். வெந்நீர்தான் வீண். அவன் உடம்பு எப்படி இருக்கிறது? கடைசியாக வந்த கடிதத்தில் மூன்று வரி எழுதியிருந்தான், இரண்டு வரி வானிலை.

உன் கடைசி வாக்கியம் துடுக்கானது. அதற்காகத்தான் உட்கார்ந்தேன். கையில் ஒன்றுமில்லை.

கதையைப் படித்தேன். படகோட்டி ஒருவன் புயலில் ஆற்றில் போகிறான். அவன் மனைவி மேல் கண் வைத்திருக்கும் சுங்க அதிகாரி வந்து, உன் புருஷன் மூழ்கிவிட்டான் என்று பொய் சொல்கிறான். அவள் யாரையும் விசாரிக்கவில்லை. கரைக்குப் போய்ப் பார்க்கவில்லை. வீட்டில் விஷம் தயாராக இருக்கிறது, எடுத்துக் குடிக்கிறாள். படகோட்டி நனைந்துபோய் வருகிறான். ஓடிப் போய் வைத்தியரை அழைத்து வருவானா என்றால், இல்லை. மடியில் போட்டுக்கொண்டு பாடுகிறான். விஷம் குடித்தவளும் பாடுகிறாள். நான் ஒரு டம்ளர் பால் காய்ச்சி ஆற்றிக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். விஷத்திலும் கலப்படம் போலிருக்கிறது.

நான் சாவைப் பார்த்தவள். உன் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார். ஒரு சொல் கூட முழுதாக வரவில்லை. தண்ணீரா என்று கேட்டேன். இல்லை என்று கண்ணை மூடித் திறந்தார். ஜன்னலை மூடவா என்று கேட்டேன். அதுவும் இல்லை. பிறகு கேட்பதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாகிறவர்கள் அப்படித்தான் சாகிறார்கள். இவர்கள் செய்வது கேலி. அதற்கு டிக்கெட் வேறு.

கரைப் பெண்கள் பாடுவது மட்டும் கொஞ்சம் ஒழுங்காக இருக்கிறது. கொஞ்சம்தான். குரல் மேலேயிருந்து கீழே வரும் இடத்தில் எல்லோரும் ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி இறங்குகிறார்கள். ஒருத்தி மட்டும் படியில் கால் வைக்காமல் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு வருகிறாள். தற்செயலாக இல்லை, அந்த இடம் வரும்போதெல்லாம். அடக்கமில்லாதவள். நான் அங்கே மேற்பார்வையாளராக இருந்திருந்தால் அவளைத்தான் முதலில் வெளியே அனுப்பியிருப்பேன். உங்கள் கோரஸ் மாஸ்டருக்குக் காது இருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


ஏப்ரல் 6

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இருவரும் நலம். வானிலையும் நலம் என்று எழுதச் சொன்னார்.

மாமாவைப் பற்றி நீங்கள் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். அது அவருக்கே தெரியாது என்றார். அந்தச் சிடியை அனுப்பியிருக்கக் கூடாது. மன்னியுங்கள்.

இன்னொன்று. அந்த அடக்கமில்லாதவள் நான்தான்.

சின்ன வயதில் அம்மா என்னைப் பாட்டு வகுப்பில் சேர்த்திருந்தார். அங்கே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போனால்தான் பாட்டு. இங்கே வழுக்கினால் குற்றம். பல வருடமாகத் திருத்துகிறேன், முக்கால்வாசி போய்விட்டது. கால்வாசி, குரல் இறங்கும் இடத்தில் மட்டும், தொண்டை தானாகவே செய்துவிடுகிறது. கோரஸ் மாஸ்டர் எனக்குச் சறுக்குமரம் என்று பெயர் வைத்திருக்கிறார். "இன்னைக்கு சறுக்குமரத்துக்கு லீவு" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், நான் அன்று முழுக்கப் படியில் இறங்குவேன்.

ஆனால், அத்தை, அரங்கில் உட்கார்ந்து கேட்கும் யாரும் இதுவரை இதைக் கண்டுபிடித்ததில்லை. கோரஸ் மாஸ்டர் எங்களுக்கு நடுவே நின்று கேட்பவர். நீங்கள் எங்கோ மாடி வீட்டில், ஒரு சின்னக் கருவியில், பிடிக்காமல் கேட்டவர். எனக்கு வருத்தப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. அவர் மட்டும் விடாமல் சிரிக்கிறார்.

உங்கள்,
மருமகள்


மே 2

மருமகளுக்கு,

நலம். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார், இப்போது வீட்டில் தூசி அதிகமாகத் தெரிகிறது. நீங்கள் இருவரும் எப்படி?

அது நீ என்பதால் நான் சொன்னதை மாற்றிக்கொள்வேன் என்று எதிர்பார்க்காதே. குற்றம் குற்றம்தான். திருத்திக்கொள். எல்லோரும் படியில் இறங்கும்போது ஒருத்தி சறுக்கினால் கேட்கிறவள் மற்றவர்களை விட்டுவிட்டு அவளையே கவனிக்கிறாள். எனக்கு அதுதான் நடக்கிறது. இப்போது மற்ற பெண்கள் எனக்குக் கேட்பதே இல்லை. உன்னால் அந்தப் பாட்டே கெட்டுவிட்டது.

எப்படித் தெரியும் என்று கேட்காதே. என் கருத்து சரிதானா என்று பார்ப்பதற்காகச் சில தடவை போட்டேன். பல் டாக்டர் பார்க்க வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் கைதட்டினார். யாரும் இல்லாத அறையில் ஒரு கருவியைப் பார்த்துக் கைதட்டுவது என்ன பழக்கம் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் தட்டினேன், இவ்வளவு நேரம் வாயத் திறக்காம இருந்தீங்களே" என்றார். இந்த வயதிலும் மனிதர்களுக்கு அறிவு வருவதில்லை.

முதல் அங்கத்தில் படகோட்டி கயிற்றை அவிழ்க்கும்போது பாடுவது பரவாயில்லை. அவன் மட்டும் வேலையைச் செய்துகொண்டே பாடுகிறான். அதிகாரி வருமுன்னே வயலின்கள் அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. அந்த மனைவிக்குக் காது இருந்திருந்தால் பொய் என்று அப்போதே தெரிந்திருக்கும். இதையெல்லாம் நான் ரசிக்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிடாதே. கவனிக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த வருடப் பாட்டுகள் எப்போது தொடங்குகின்றன? சிடி வந்தால் அனுப்பு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அத்தை


ஆகஸ்ட் 19

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இருவரும் நலம். வேலை அதிகம். புதுக் கண்ணாடி பழகிவிட்டதா?

அரங்கில் இந்த வருடமும் படகோட்டி கதையையே மறுபடி போடுகிறார்கள், புது ஆட்களை வைத்து. சிடி வருமா என்று தெரியவில்லை. வந்தாலும் பழையதைவிடப் பெரிதாக வித்தியாசம் இருக்காது, நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீங்கள் சொன்னது சரிதான். சறுக்கலைத் திருத்திக்கொண்டுவிட்டேன். இனி உங்களுக்குப் பாட்டு கெடாது.

ஒன்று சொல்ல வேண்டும். மேடைக்குப் பின்னால் நின்று கேட்டால் எல்லாப் பாட்டும் வேறு மாதிரி இருக்கிறது. சொல் கேட்காது, மூச்சுதான் கேட்கும்.

மழை தொடங்கிவிட்டது. படியில் பார்த்து நடங்கள்.

மருமகள்


அக்டோபர் 12

மருமகளுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நீ சிடி அனுப்பவில்லை. உங்கள் அரங்கின் நிகழ்ச்சியை ரேடியோவில் போட்டார்கள். பல் டாக்டர் அதைப் பதிவு செய்து கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதருக்கு வேறு வேலை இல்லை.

முதல் தடவை கேட்டேன். கரைப் பெண்கள் எல்லோரும் படியில் இறங்கினார்கள். ஒருத்தியும் சறுக்கவில்லை. சரி, பெண் சொன்னபடி திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். சுத்தமாக இருந்தது. இஸ்திரி போட்டு மடித்த துணி மாதிரி இருந்தது. பாதியில் தூங்கிவிட்டேன்.

மறுநாள் இன்னொரு தடவை கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது.

தொலைபேசி நிலையத்தில் காலையில் கதவைத் திறக்கும்போதே அன்று யார் வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். நாற்காலியைப் பார்க்க வேண்டியதில்லை. அத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலில் ஒருத்தி குறைந்தாலும் அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருக்கும். ஒருத்தி தன் பழக்கத்தை விட்டுவிட்டாலும் அவள் குரல் எங்கேயும் போகாது. உன் சறுக்கல் போயிருந்தால் நீ இருப்பாய். நீ அதில் இல்லை.

பொய்யே எழுதாதே என்று சொல்ல மாட்டேன். என்னிடம் எழுதாதே. எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும், உனக்கு எழுதத் தெரியவில்லை.

நீ பதிலுக்கு ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும் என்றால் நானும் எழுதியாக வேண்டும், அதுதான் முறை. கான்வென்ட் கோரஸில் முதல் வரிசையில் நின்றேன் என்று உனக்குச் சொன்னேன். நின்றது உண்மை. நான் உயரம், முதுகு நேராக இருக்கும், சீருடை கசங்காது. பிஷப் வந்தால் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். பாட்டு சிஸ்டர் முதல் நாளே காதருகில் வந்து சொல்லிவிட்டார்: "நீ சத்தம் போடாத. வாய மட்டும் அசை." பள்ளி முடிகிற வரைக்கும் அசைத்தேன். என் அம்மாவுக்குத் தெரியாது. உன் மாமனாருக்கும் தெரியாது. பள்ளிப் பரிசளிப்பு விழாவில் எல்லோரும் கைதட்டும்போதெல்லாம் நானும் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

எனவே கூட்டத்தில் இல்லாமல் இருப்பது பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். என்ன ஆயிற்று என்று எழுது.

அத்தை


நவம்பர் 21

அன்புள்ள அத்தை,

அவர் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதை எழுதப் பல நாள் உட்கார்ந்து எழுந்தேன்.

மே மாதம், உங்கள் கடிதம் வந்த வாரத்திலேயே, அரங்கின் அடுத்த வருட நிகழ்ச்சிகளுக்குக் கோரஸ் ஆட்களைக் குறைத்தார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். என் முறை வந்தது. குரல் இறங்கும் இடம் வந்ததும் தொண்டை அதன் வேலையைச் செய்தது. கோரஸ் மாஸ்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ரொம்ப அன்பாகச் சொன்னார்: "குரல் நல்ல குரல்தாம்மா. ஆனா கரைய மாட்டேங்குது. கரையாத சர்க்கரைய டீயில யாரும் கேக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்தேன். மேசையில் உங்கள் கடிதம் இருந்தது. குற்றம் குற்றம்தான், திருத்திக்கொள் என்று. அதற்கு முந்தைய கடிதம் எனக்கு மனப்பாடம். அவளைத்தான் முதலில் வெளியே அனுப்பியிருப்பேன். நீங்கள் சொன்னதையே அவர்கள் செய்துவிட்டார்கள். அதை எப்படி உங்களுக்கு எழுதுவேன்? நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கேயே கேட்டது. "அம்மாகிட்ட சொல்லிரட்டுமா?" என்று அவர் கேட்டார். சொன்னால் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்றேன். அதனால்தான் இப்போதும் வானிலை மட்டுமே எழுதுகிறார். அவரைத் திட்டாதீர்கள்.

அரங்கிலேயே உடைகள் வைக்கும் அறையில் வேலை கொடுத்தார்கள். கரைப் பெண்களின் பாவாடைகளுக்கு நான்தான் இஸ்திரி போடுகிறேன். இஸ்திரி போட்டு மடித்த துணி மாதிரி என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து, அத்தை, முதன்முறையாகச் சிரித்தேன். நான் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு அவர்கள் மேடைக்குப் போவார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்பேன். என் இடத்தில் இப்போது நிற்பவள் நல்ல பெண். ஒரு தவறும் செய்வதில்லை.

அன்றிலிருந்து நான் பாடவில்லை. குளியலறையில் கூட இல்லை. சின்னக் குழு ஒன்று தனியாகப் பாட ஒரு பெண் வேண்டும் என்று சொல்லி அனுப்பியது, வேலைக்காரி வேடம், நான்கைந்து வரி. போகவில்லை. தொண்டை எங்கே சறுக்கும் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

வாயை மட்டும் அசைத்தது யாருக்கும் தெரியாது என்றீர்கள். இப்போது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன், அவரிடமும்.

மருமகள்


நவம்பர் 27

மருமகளுக்கு,

நலம். இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, காரணம் உன் கோரஸ் மாஸ்டர்.

நான் சிரிக்கவில்லை. நீ கேட்ட சிரிப்பு உன் கற்பனை. ஆனால் அப்படிக் கற்பனை செய்ய உனக்கு நான் காரணம் கொடுத்திருக்கிறேன் என்பதை மறுக்க மாட்டேன்.

அந்த மனிதரைப் பற்றி: சர்க்கரையும் டீயும் தவிர அவருக்கு வேறு உவமை கிடைக்கவில்லை என்பதிலிருந்தே அவர் காதின் தரம் தெரிகிறது. ஒரே மாதிரி நாற்பது பேர் வேண்டும் என்றால் ஒருத்தியைப் பாட வைத்து நாற்பது தடவை பதிவு செய்துகொள்ளட்டும், பாவாடைச் செலவாவது மிஞ்சும். நீங்களும் அதையேதானே சொன்னீர்கள் என்று நீ கேட்கலாம். நான் தொலைபேசி நிலையத்து மேற்பார்வையாளர். பாட்டு பற்றித் தெரியாமல் சொன்னேன். அவர் தெரிந்து சொல்கிறார், அதுதான் வெட்கக்கேடு.

உன் கடிதம் வந்த அன்று பழைய சிடியைப் போட்டேன், நீ இருப்பது. விஷம் குடித்தவள் இவ்வளவு நேரம் பாடுகிறாளே என்று உனக்குக் கேலியாக எழுதியிருந்தேன். இப்போது அப்படிப் படவில்லை. உன் மாமனார் தண்ணீர் கேட்கவில்லை, ஜன்னலை மூடச் சொல்லவில்லை. வேறு என்னவோ சொல்ல இருந்தது. வாய் சரியாக இருந்திருந்தால் அதைச் சொல்லி முடிக்க அவருக்கும் அவ்வளவு நேரம் பிடித்திருக்கும். இடையில் பால் குடிக்க எழுந்து போகாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். இந்தப் பாட்டை எழுதியவன் முட்டாள் என்று நினைத்தேன். அவனும் ஏதோ ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவள் சொல்லி முடித்ததும் கரைப் பெண்கள் இறங்கி வருகிறார்கள். எல்லோரும் மரியாதையாகப் படியில் வருகிறார்கள். ஒருத்திக்கு மட்டும் அவசரம். அவள்தான் எனக்குத் தேவைப்படுகிறாள்.

அடுத்த மாதம் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். முழங்காலைப் பற்றிப் பேச வேண்டாம், அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். பெட்டியை எடுக்க அவனை ஸ்டேஷனுக்கு அனுப்பு. வந்து உன் கையால் சாப்பிட எனக்கு அவசரம் இல்லை. நீ பாட வேண்டும். எங்கே என்று நீ முடிவு செய்.

அத்தை


ஜனவரி 25

அன்புள்ள அத்தை,

வணக்கம். அவர் நலம், நானும் நலம். ரயிலில் உங்கள் கால் வீங்கவில்லையே?

ஊர் போய்ச் சேர்ந்ததும் நீங்கள் போட்ட அஞ்சலட்டை வந்தது. குழாய் ஒழுகுகிறது, திரைச்சீலை நீளம் போதவில்லை, பாட்டில் மூன்று இடத்தில் அவசரம், மகன் இளைத்திருக்கிறான். படித்தோம். திரைச்சீலையை மாற்றிவிட்டேன்.

ஆனால் அன்று சமையலறையில் நடந்ததைப் பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை. எனவே நான் எழுதுகிறேன், யாராவது எழுதி வைக்க வேண்டும்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, "பாடு" என்றீர்கள். இது நாற்பது பேர் சேர்ந்து பாடுவது அத்தை, ஒருத்தி பாடினால் நன்றாக இருக்காது என்றேன். "மிச்ச பேர நான் கூப்பிடல" என்றீர்கள். அவர் வாசற்படியில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவும் பயம், போகவும் பயம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தொடங்கினேன். அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அங்கேயே நின்றேன்.

மூன்றாம் முறை நான் நிற்கவில்லை, அத்தை. ஏனென்றால் எனக்குப் பின்னால் இன்னொரு குரல் வந்தது. தாழ்ந்த குரல், கரகரப்பாக, வார்த்தை ஒன்றும் இல்லாமல். கூடவே இறங்கியது. படியில் இறங்கவில்லை. உங்கள் வீட்டுக் கருவியில் எத்தனை தடவை கேட்டிருந்தால் என் சறுக்கல் அப்படியே உங்கள் தொண்டைக்கு வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவீர்கள் என்று தெரியும். அவர் மட்டும் பார்த்தார். அன்று ராத்திரி முழுக்க, "அம்மா பாடி நான் கேட்டதே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாக்குக் கொடுத்தபடி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சின்னக் குழுவில் வேலைக்காரி வேடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை வந்து பாடிக் காட்டச் சொன்னார்கள். போகிறேன். எப்படிப் பாடுவது என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார் அவர். நான் கேட்கவில்லை, அவர்தான் கேட்கிறார்.

உங்கள்,
மருமகள்


ஜனவரி 29

அன்புள்ள மருமகளே,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

நீ எழுதியதில் தவறு இருக்கிறது. உன் சமையலறையில் நான் வாயை மட்டும்தான் அசைத்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். வேறு ஏதாவது குரல் கேட்டது என்றால் குழாயை முதலில் பழுது பார். அவன் எதையும் சரியாகக் கேட்டதில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வியாழக்கிழமை படியில் கால் வைக்காதே.

அத்தை